டோக்கன்

மருத்துவமனைக் கதவு திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. வரிசையில் மூன்றாவதாக நிற்கும் பெண் உடல் பாரத்தை இடது காலிலிருந்து வலது காலுக்கு மாற்றிக்கொள்கிறாள். உதடுகள் ஓயாமல் அசைகின்றன. ஏதோ பிரார்த்தனை என்று எண்ணி, பின்னால் நிற்பவர் மரியாதையாக ஓர் அடி தள்ளி நிற்கிறார். அவள் மனப்பாடம் செய்வது மேடைப்பேச்சு.

பதினாறு வயது. 'டோக்கன்' என்றால்தான் தெருவில் எல்லோருக்கும் தெரியும். விடுமுறையில் பிறருக்காக வரிசையில் நிற்பதுதான் தொழில். மருத்துவரோ மின்கட்டணமோ, விடிந்ததும் போய் இடம் பிடிப்பாள். உரியவர் சாவகாசமாக வந்ததும் ஒப்படைத்துவிட்டு, கூலியோடு அடுத்த வரிசைக்கு ஓடுவாள்.

காரணம் கடல் தாண்டி இருக்கிறது. நாற்பது நாட்டுப் பிள்ளைகள் கூடும் இளைஞர் மாநாடு. பேருந்து நிறுத்தங்களைப் பற்றி, 'எங்கள் ஊரில் உட்கார இடமில்லை' என்று அவள் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். தங்குமிடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. விமானக் கட்டணம் அவள் பாடு.

முழுப் பணத்தையும் தானே தருவதாகத் துணிக்கடைக்காரர் முன்வந்தார். அவர் கடைப் பெயர் போட்ட சட்டையோடு மேடை ஏற வேண்டுமாம்.

"அண்ணே, நான் பேசப் போறேன். விளம்பரப் பலகையா போகல."

மறுநாள் அதே கடைக்காரருக்காக மின்கட்டண வரிசையில் நின்றாள். கூலியில் ஒரு பைசா குறைக்கவில்லை.

வரிசையில் மகா கறார். யாராவது நைசாக நுழையப் பார்த்தால் கை குறுக்கே நீளும். "என் இடமா இருந்தா குடுத்துருவேன் மாமா. இது அடுத்தவங்க நம்பி விட்டுட்டுப் போன இடம்."

அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவெல்லாம் நின்றபடி போர்வை மடிப்பவள். "கால் கடுக்க நிக்கிறது என்னோட போகட்டும்னு பாத்தா, நீயும் அதையே பிடிச்சுக்கிட்டியேடி?"

"நீ நின்னா சம்பளம். நான் நின்னா ஃப்ளைட்டும்மா."

சிரிப்பை மறைக்க அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒருவழியாக டிக்கெட்டுக்குப் பணம் சேர்ந்தது. மிச்சம் விசா. விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். அந்த அலுவலகத்தில் ஒரு நாளைக்கு அறுபது பேரைத்தான் பார்ப்பார்கள். வியாழனன்று, ஒரு நோயாளிக்குப் பிடித்த இடத்தை ஒப்படைத்துவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தவளுக்கு அறுபதாவது சீட்டு கிடைத்தது. அவளுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண், காவலாளியிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள். வெளிநாட்டில் கணவனுக்குத் திங்கட்கிழமை அறுவை சிகிச்சை. இன்றைக்கு விண்ணப்பத்தைக் கொடுக்காவிட்டால் போய்ச் சேர முடியாது.

டோக்கன் கையிலிருந்த சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நீட்டினாள். "இது என் இடம்தான்க்கா. நீங்க போங்க."

வீட்டில் அம்மா பொரிந்து தள்ளினாள். "ஊருக்கெல்லாம் இடம் பிடி, உனக்குன்னு வரும்போது கோட்டை விடு! நாளைக்கும் இதே மாதிரி ஆனா என்ன பண்ணுவ?" அம்மா அதே கோபத்தோடு வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே ஓடினாள். அதற்குள் கதவின் முன் ஏழெட்டுப் பேர். முதல் ஆளாக, சலவைக்கூடச் சீருடையில், அம்மா.

"எப்பம்மா வந்த?"

"ஷிஃப்ட் முடியறதுக்கு முன்னாடியே சொல்லிட்டு வந்துட்டேன். வா, வந்து உன் இடத்தப் பிடி. கூலிய அப்புறம் பேசிக்கலாம்."

அன்றைக்கு அந்த அலுவலகத்தில் முதலில் முத்திரை விழுந்தது அவள் விண்ணப்பத்தில்தான். அது ஒன்பதரைக்கு. அதற்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அவள் அம்மாவைச் சுவரோரமாக உட்காரவைத்தாள். தானும் தரையில் உட்கார்ந்து, அம்மாவின் செருப்பைக் கழற்றி, வீங்கியிருந்த பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்து, வரிசை மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, கட்டைவிரலால் மெதுவாக அழுத்திவிடத் தொடங்கினாள்.