நோன்பு மாதமும் இருபது மில்லி பிப்பெட்டும்

1. நின்றுகொண்டிருந்த பெண்

நான் மணி அடித்து வெகுநேரம் ஆகியும் மூன்றாவது மேசையில் ஷிஃபா சும்மாவே நின்றுகொண்டிருந்தாள். கையில் அமிலத்தை அளந்து எடுக்கிற கண்ணாடிக் குழாய், பிப்பெட். எதிரே பீக்கரில் ஆக்சாலிக் அமிலம். சுற்றியிருந்த பிள்ளைகள் குனிந்து, உறிஞ்சி, விரலால் மூடி, கோனிக்கல் ஃப்ளாஸ்கில் விட்டு, மளமளவென்று டைட்ரேஷனில் இறங்கிவிட்டார்கள். இவள் மட்டும் பிப்பெட்டைத் தூக்குகிறாள், உதடு வரை கொண்டு போகிறாள், இறக்கிவிடுகிறாள்.

அடிப் பெண்ணே, ஆரம்பியேன் என்று மனசுக்குள் கத்தினேன். வாயைத் திறந்து சொல்ல முடியாது. அன்று அந்த அறையில் எனக்குப் பேச்சுரிமை கிடையாது.

விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலூரில் ஒரு கல்லூரி, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகக் கோடையில் சிறப்பு அறிவியல் முகாம் நடத்துகிறது. மே மாதம் முழுக்க விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். முகாமுக்குள் நுழைந்து ஒழுங்காக முடித்துவிட்டால் அதே கல்லூரியில் பி.எஸ்சி. படிக்க இடம், சாப்பாடு, விடுதி எல்லாம் இலவசம். டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் வேலை பார்க்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் இடம் கம்மி, கேட்டு வருகிறவர்கள் ஜாஸ்தி. அதனால் எழுத்துத் தேர்வு, செய்முறை, நேர்காணல் என்று மூன்று கட்டமாகச் சலித்து எடுப்பார்கள்.

ஆம்பூரில் கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற என்னை ஒருங்கிணைப்பாளராகப் போட்டிருந்தார்கள். பெயர்தான் பெரிது. பள்ளிகளுக்குத் தகவல் சொல்வது, பெற்றோரிடம் சம்மதம் வாங்குவது, செய்முறை நாளில் விதிகளைப் படிப்பது, மணி அடிப்பது, இவ்வளவுதான். மார்க் போடுவது சென்னையிலிருந்து வந்திருந்த பேராசிரியர். கறாரான மனிதர். எவர் சிபாரிசும் அவரிடம் பலிக்காது என்பதால் எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அன்று மத்தியானம் வரைக்கும்.

2. பேரணாம்பட்டில் வாங்கிய சம்மதம்

ஷிஃபாவின் அப்பா பேரணாம்பட்டில் ஒரு தோல் டேனரியில், தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் ஓட்டுகிறவர். எழுத்துத் தேர்வில் மகள் முன்னணியில் வந்திருக்கிறாள் என்று சொல்ல நான் அவர் வீட்டுக்குப் போனபோது, மனிதர் சந்தோஷப்படுவதற்குப் பதில் கவலைப்பட்டார்.

"ஒரு மாசம் ஹாஸ்டலா? எங்க தெருவுல இதுவரைக்கும் எந்தப் பொண்ணும் அந்த மாரி போனதில்ல டீச்சரம்மா. நாளைக்கு நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

"பேசுறவங்களா வந்து உங்க பொண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டப் போறாங்க?" என்று கேட்டேன். என் வாய் கொஞ்சம் நீளம். வேலையில் இருந்த காலத்திலேயே ஹெட்மாஸ்டர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன சங்கதி.

அப்போது வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பவித்ரா உள்ளே வந்தாள். ஷிஃபாவின் பள்ளி, ஷிஃபாவின் வகுப்பு, ஷிஃபாவின் பெஞ்ச். அவளும் எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். அவள் அம்மா ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறார். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வீடு. அப்பா இல்லை.

"இன்னா மாமு, நானும்தான போறேன்? இவள நான் பாத்துக்க மாட்டனா?" என்று ஷிஃபாவின் அப்பாவைக் கேட்டாள் பவித்ரா.

"நீ ஒயிங்கா இருந்தா போதாதா, இதுல அவள வேற பாத்துக்கப் போறியா?" என்றார். ஆனால் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பிலேயே கையெழுத்து வாங்கிவிட்டேன். நான் எழுந்தபோது அவர் என்னைப் பார்த்து, "டீச்சரம்மா, ஊர் முன்னால என் தலை குனியாம பாத்துக்கங்க," என்றார். நானும் மகராசி மாதிரி தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

3. பக்கத்து பெஞ்சின் வேலை

செய்முறைத் தேர்வு வேலூரில் ஒரு பள்ளியின் ஆய்வகத்தில் நடந்தது. பிப்பெட்டில் வாயை வைக்காமல் உறிஞ்ச ஒரு சின்ன ரப்பர் உருண்டை உண்டு, பல்ப் என்போம். அந்தப் பள்ளியில் அது இல்லை. நான் வேலை பார்த்த பள்ளியிலும் இருந்ததில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வாயால்தான் உறிஞ்சுவார்கள். கொஞ்சம் அசந்தால் அமிலம் நாக்கில் பட்டுப் புளிக்கும், துப்பிவிட்டு வாய் கொப்பளிப்பார்கள்.

அது ரம்ஜான் மாதம்.

ஷிஃபா ஏன் நிற்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நோன்பு இருக்கிற பிள்ளை எப்படி உறிஞ்சுவாள்? ஒரு சொட்டு தொண்டைக்குள் இறங்கினாலும் நோன்பு முறிந்துவிடும் என்ற பயம். ஆம்பூரில் வருஷா வருஷம் நான் பார்த்ததுதான். அங்கே இது ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. நோன்பு மாதத்தில் பிப்பெட் உறிஞ்சுவது பக்கத்து பெஞ்சின் வேலை. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. நோன்பு இல்லாத பிள்ளை உறிஞ்சி, விரலால் மூடி, தோழியின் ஃப்ளாஸ்கில் விட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். அது எங்களுக்கு அவ்வளவு பழகிப்போனதால்தான், ஆளுக்கு ஒரு மேசை போட்டுத் தனித்தனியாகச் செய்யச் சொன்னால் என்ன ஆகும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சொல்லிவிடலாமா என்று பேராசிரியரைப் பார்த்தேன். அவர் கையில் பேனாவோடு முதல் மேசையில் இருந்தார். தேர்வு நடக்கும்போது எந்தப் பிள்ளைக்காகவும் ஒருங்கிணைப்பாளர் வாய் திறக்கக் கூடாது. காலையில் அந்த விதியை உரக்கப் படித்தவளே நான்தான். அடுத்தவர் உபகரணத்தைத் தொட்டால் ஐந்து மார்க் போகும் என்பதையும் நான்தான் படித்தேன்.

இப்படி நான் இருதலைக்கொள்ளி எறும்பாகத் தவித்துக்கொண்டிருக்கும்போதே அது நடந்துவிட்டது. அடுத்த மேசையில் இருந்த பவித்ரா தன் இரண்டாவது ரீடிங்கை எழுதிவிட்டு நிமிர்ந்தாள். ஷிஃபா நிற்பதைப் பார்த்தாள். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. கையை நீட்டி ஷிஃபாவின் பிப்பெட்டை வாங்கி, சர்ரென்று உறிஞ்சி, கோடு வரை சரியாக இறக்கி, ஷிஃபாவின் ஃப்ளாஸ்கில் விட்டுவிட்டாள்.

"ஏய்! ஸ்டாப்!" என்று பேராசிரியர் போட்ட சத்தத்தில் எவனோ ஒரு பையன் புனலைக் கீழே போட்டான்.

4. உயர்ந்த கைகள்

"காப்பி அடிச்சுப் பாத்திருக்கேன். அடுத்தவங்களுக்கு எக்ஸ்பெரிமென்டே செஞ்சு குடுத்து இப்பதான் பாக்கறேன். ரெண்டு பேரும் வெளிய போங்க," என்றார்.

ஷிஃபாவின் முகம் வெளுத்துவிட்டது. பவித்ராவுக்குத் தான் என்ன செய்தோம் என்பதே அப்போதுதான் புரிந்தது போலும்.

"சார், பழக்கத்துல செஞ்சிட்டேன் சார். அவளுக்கு நோன்பு சார்," என்றாள்.

"நோன்புக்கும் டைட்ரேஷனுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"வாய்ல உறிஞ்சக் கூடாது சார். ஸ்கூல்ல எப்பவும் நான்தான் அவளுக்கு..." அதற்கு மேல் பேச முடியாமல் அழுதுவிட்டாள்.

அவர் ஷிஃபாவைப் பார்த்தார். "அப்படின்னா நீ ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"சொன்னா சலுகை கேக்கற மாரி ஆய்டும்னு பயந்துட்டேன் சார்."

அவர் நம்பவில்லை. எத்தனை விதமான பொய்களைக் கேட்டுப் பார்த்தவரோ. பேரணாம்பட்டு மனிதரின் முகம் என் கண்ணுக்குள் வந்து நின்றது. மகள் திருடி மாதிரி துரத்தப்பட்டாள் என்று நான் எந்த வாயால் போய்ச் சொல்வேன்? வந்தது வரட்டும், விதியும் ஆச்சு மண்ணாங்கட்டியும் ஆச்சு என்று முன்னால் போனேன்.

"சார், நான் பேசக் கூடாதுதான். ஆனா ஒரே ஒரு கேள்வி மட்டும் பிள்ளைங்கள கேட்டுடறேன். அப்புறம் என்னையும் சேத்து வெளிய அனுப்புங்க," என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் பிள்ளைகள் பக்கம் திரும்பிவிட்டேன். "நோன்பு மாசத்துல பக்கத்து பெஞ்சுக்கு பிப்பெட் உறிஞ்சிக் குடுத்தவங்க யாராவது இருந்தா கையத் தூக்குங்க."

யாரும் அசையவில்லை. போச்சு, கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பின்னால் ஆம்பூர்ப் பையன் ஒருத்தன் மெதுவாகக் கையைத் தூக்கினான். "என் தோஸ்துக்கு நான்தான் சார்." அவனைப் பார்த்து வாணியம்பாடிப் பெண் ஒருத்தி. பிறகு இன்னும் இரண்டு மூன்று கைகள். பள்ளி வேறு, ஊர் வேறு, ஒருவரை ஒருவர் அதற்கு முன் பார்த்தது கூட இல்லை.

பேராசிரியர் ஒவ்வொரு கையாகப் பார்த்தார். பிறகு கைகளை விட்டுவிட்டு மேசைகளைப் பார்த்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். கடைசி வரிசையில் இன்னும் இரண்டு பிள்ளைகளின் ஃப்ளாஸ்க் காலியாக இருந்தது. நேரம் பாதி ஓடிவிட்டிருந்தது. அவர்களும் பிப்பெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் நின்றிருக்கிறார்கள். ஷிஃபாவையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவர்கள் கண்ணிலேயே படவில்லை.

அவர் பேனாவை மூடினார். "இப்ப என்ன செய்யலாம் மேடம்?" குரல் இறங்கியிருந்தது.

ஷிஃபாதான் தன் மேசையில் நின்ற ப்யூரெட்டைக் காட்டித் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "இன்னொரு ப்யூரெட் இருந்தா போதும் சார். அதுல மேலேந்து அமிலத்த ஊத்தி, அடியில திருகத் திறந்து இருபது மில்லி இறக்கிக்கலாம். உறிஞ்ச வேணாம்."

"கரெக்ட். எல்லாருக்கும் அப்படியே வெச்சுக்கலாம்," என்றார். இருந்த ப்யூரெட்டுகள் பாதிப் பேருக்குத்தான் இரண்டிரண்டாக வந்தன. அதனால் இரண்டு பிரிவாகப் பிரித்து எல்லோருக்கும் முதலிலிருந்து தேர்வு. வெளியே காத்திருந்த பெற்றோர் என்னைப் பிய்த்துத் தின்றார்கள். பேரணாம்பட்டு பஸ் போய்விடுமோ, நோன்பு திறப்பதற்குள் பிள்ளைகள் வீடு போய்ச் சேருவார்களோ என்று எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கடைசி மணியை அடித்தபோது ஷிஃபாவின் ஃப்ளாஸ்கை எட்டிப் பார்த்தேன். இளஞ்சிவப்பு. அளவான, லேசான இளஞ்சிவப்பு. டைட்ரேஷன் சரியாக முடிந்ததற்கு அதுதான் அடையாளம்.

5. ஐந்து மார்க்

நேர்காணலும் முடிந்து முடிவு வந்த அன்று பேராசிரியரே போன் செய்தார். ஷிஃபா தேர்வாகிவிட்டாள். பவித்ரா ஆகவில்லை.

"ஏன் சார்? நல்லாத்தானே செஞ்சா?"

"நல்லாவே செஞ்சா மேடம். ஆனா அடுத்தவங்க உபகரணத்தைத் தொட்டா அஞ்சு மார்க் போகும். நீங்க படிச்ச ரூல்தான். மத்த பிள்ளைங்களுக்கும் நான் பதில் சொல்லணும் இல்லையா?"

"அதான் எல்லாரையும் முதல்லேருந்து செய்ய வெச்சீங்களே சார்! முதல் தேர்வே இல்லைனு ஆனப்புறம் அந்த அஞ்சு மார்க் மட்டும் எப்படி சார் செல்லும்?"

வாதாடினேன், கெஞ்சினேன், கத்தவும் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரூல் ரூல்தான் மேடம்," என்றார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்றைக்கும் முழுசாக ஆறவில்லை.

மே மாதம் முகாம் தொடங்கிய அன்று சாயங்காலம் ஷிஃபா விடுதியிலிருந்து போன் செய்தாள். ரொம்ப நேரம் என்னென்னவோ பேசினாள். ஆளுக்கொரு மேசையாம், ஆளுக்கொரு ப்யூரெட்டாம். கடைசியாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "மிஸ், முதல் கிளாஸே அன்னிக்கு மார்க் போட்ட சார்தான் எடுத்தாரு. லேப்ல பிப்பெட்ட யாராவது வாய்ல வெச்சா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்னு சொன்னாரு. எல்லாருக்கும் ஒரு ரப்பர் பல்ப் குடுத்துட்டாரு."

கையில் இருந்த போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

அந்த வாரமே பேரணாம்பட்டுக்குப் போனேன். பவித்ரா லீவுக்கு அவள் அம்மாவோடு ஷூ கம்பெனிக்குப் போக ஆரம்பித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தாள். உனக்கு நடந்தது அநியாயம் என்று சொல்லத்தான் போனேன். சொல்லவும் செய்தேன். ஷிஃபா சொன்னதையும் சொன்னேன்.

அவள் சிரித்தாள். "பல்ப் குடுத்துட்டாங்களா? அப்ப நான் அங்க போய் இன்னா மிஸ் பண்ணப் போறேன்? என் வேலையே போச்சே!"

நான் சிரிக்கவில்லை. அவளும் அதற்கு மேல் சிரிக்கவில்லை. உள்ளே போய் எனக்கு டீ போட்டு எடுத்து வந்தாள்.

இந்தப் பணிக்கு வரப்போகிற இளைய ஆசிரியர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். "யாருக்கெல்லாம் நோன்பு?" என்று கேட்டு எந்தப் பிள்ளையையும் எழுந்து நிற்க வைக்காதீர்கள். கேட்காமலே எல்லா மேசையிலும் ஒரு பல்ப் வைத்துவிடுங்கள். இந்த வருஷம் என் கைக்காசில் வாங்கி, மணி அடிப்பதற்கு முன்னால் நானே ஒவ்வொரு மேசையாகப் போய் வைத்தேன். கடைசி மேசையில் வைக்கும்போது ஒன்று மிஞ்சியது. எண்ணித்தான் வாங்கியிருந்தேன். பவித்ராவையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன்.