வேனில் வந்தவர்களை ஓடவிட்ட ஸ்டெல்லா டீச்சர்

வியாழக்கிழமை காலை காலி சிலிண்டரை ரோட்டோரம் வைத்துவிட்டு கேஸ் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். எங்கள் பக்கம் வண்டி வீட்டு வாசலுக்கு வராது, நாம்தான் தூக்கிக்கொண்டு மேலே ஏறி வர வேண்டும். குன்னூரிலிருந்து வந்த ஜீப் ஒன்று பக்கத்தில் நின்றது. ஓட்டி வந்தவன் யூசுப், நம் பள்ளியில் படித்தவன். கண்ணாடியை இறக்கி, "ரங்கண்ணா, பி.டி. டீச்சர் தவறிட்டாங்க. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில. சாயங்காலம் கொண்டாராங்களாம்" என்றான். எந்த டீச்சர் என்று நான் கேட்கவில்லை. நம் பள்ளிக்கு எத்தனையோ பி.டி. டீச்சர்கள் வந்து போனார்கள், அந்தப் பெயர் ஸ்டெல்லா டீச்சர் ஒருவருக்குத்தான் நிலைத்தது. கேஸ் வண்டி வந்ததும் போனதும் எனக்குத் தெரியவில்லை. காலி சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு இறங்கினேன்.

டீச்சருக்கு நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று பழைய மாணவர்கள் கேட்டார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தப் பள்ளியில் மணி அடித்தேன், மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டேன், அதுதான் என் உத்தியோகம். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். நல்லதாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வாயைத் திறந்தால் எரிச்சல்தான் முதலில் வருகிறது. "இதை இப்படியே எழுதலாமா மாமா?" என்று மருமகள் கேட்கிறாள். எழுது என்றேன்.

டீச்சர் வருவதற்கு முன்பு பி.டி. என்கிற விளையாட்டுப் பீரியடில் பிள்ளைகளிடம் பள்ளிக்கூடம் எதிர்பார்த்தது என்னவென்று எனக்குத் தெரியும். வெள்ளை கேன்வாஸ், வெள்ளைச் சட்டை, நேர் வரிசை, சத்தம் போடாத வாய். வேர்வையை யாரும் கேட்கவில்லை. கேன்வாஸ் இல்லாத பிள்ளை மைதானத்து ஓரமாக மேட்டில் உட்கார வேண்டும். மழைக்காலத்தில் நம் ஊரில் கைக்குட்டையே காயாது, கேன்வாஸ் எப்படிக் காயும்? எஸ்டேட் பிள்ளைகளின் ஷூவை அவர்கள் அப்பன்மார் ஃபாக்டரியில் தேயிலை உலர்த்தும் மெஷின் பக்கத்தில் வைத்துக் காயவைத்துக் கொடுப்பார்கள். சூடு கொஞ்சம் கூடினால் அடிப்பாகம் சுருண்டுவிடும். சுருண்ட ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு மேட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை வருஷக்கணக்காகப் பார்த்தவன் நான். டீச்சர் வந்த முதல் வாரம் அந்த மேட்டுக்கு ஏறிப் போனார். ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றார். ஷூ இல்லை என்றார்கள். "கால் இருக்குதில்ல? இறங்கு" என்றார். அன்றோடு அந்த மேடு காலியானது.

அவரை மகான் ஆக்கிவிடாதீர்கள். முன்கோபக்காரர். வந்த புதிதில் ஒரு தப்பும் செய்தார். அப்போதெல்லாம் வகுப்பு முழுவதையும் ஃபாக்டரி ரோட்டில் இறக்கிவிட்டு, ஏறி ஓடி வரச் சொல்வார். கோமதி என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம், கீழ் எஸ்டேட்டில் வீடு. அவள் மட்டும் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவாள். டீச்சர் அவளைச் சோம்பேறி என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அடுத்த நாளிலிருந்து அவள் வரவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் பள்ளியை விட்டு எத்தனையோ பிள்ளைகள் போனார்கள், யாரும் தேடியதில்லை. இவர் தேடினார். வழி காட்ட என்னையும் கூட்டிக்கொண்டு லயத்துக்கு இறங்கினார். அவர்கள் வீட்டு வரிசையை லயம் என்றுதான் அந்த மக்கள் சொல்வார்கள்.

தேயிலைக்குள் இறங்குகிற பாதை அது, படி பாதி, சறுக்கல் பாதி. டீச்சர் தேயிலைச் செடியைப் பிடித்துப் பிடித்துத்தான் இறங்கினார். கோமதியின் அம்மா வேலைக்குப் போயிருந்தார், பக்கத்து வீட்டு அம்மாதான் பேசினார். கீழே ஊற்றிலிருந்து மேலே வீட்டுக்குத் தண்ணீர் தூக்குவது கோமதி வேலை, அது முடிந்துதான் பள்ளிக்கு ஏறுவாளாம். "புள்ள உங்ககிட்ட வரக்குள்ளேயே பாதி சீவன் போயிரும் டீச்சரம்மா. அதுக்கப்புறம் நீங்க ஓடச் சொல்றீங்களாம்" என்றார். குற்றம் சொல்லவில்லை, தகவல் சொல்வது மாதிரிதான் சொன்னார். ஏறி வரும்போது டீச்சர் மூன்று இடத்திலோ நாலு இடத்திலோ உட்கார்ந்தார். கடைசியாக உட்கார்ந்த இடத்தில் என்னிடம் சொன்னார்: "ஓடி முடிச்சிட்டு வந்தவளைப் பார்த்து ஓடத் தெரியாதான்னு கேட்டிருக்கேன் ரங்கண்ணா."

கோமதி திரும்பி வந்தாள். அன்றிலிருந்து டீச்சர் பாடத்தையே மாற்றிவிட்டார். பீரியட் தொடங்கியதும் ஒரே கேள்வி: யார் எப்படி வந்தீர்கள்? வேனிலும் ஆட்டோவிலும் வந்தவர்கள் முதலில் ஓட வேண்டும். பஸ்ஸில் வந்தவர்கள் கயிறு தாண்ட வேண்டும். நடந்து ஏறி வந்தவர்கள் பந்தை எடுத்துக்கொள்ளலாம். பாதிப் பீரியடுக்குப் பிறகு எல்லாரும் கலந்து த்ரோபால். மார்க் போடும்போதும் அப்படித்தான். யார் முதலில் வந்தார் என்று பார்க்க மாட்டார், போன வாரம் இந்தப் பிள்ளை எங்கே நின்றது, இந்த வாரம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். பரிசு வாங்கிய பிள்ளையை யாராவது பெருமையாகக் கூட்டி வந்து காட்டினால், "ஜெயிச்சவளை எனக்குக் காட்டாதீங்க, உக்காந்திருக்கிறவளைக் காட்டுங்க" என்பார்.

வேன் பிள்ளைகளின் பெற்றோர் சும்மா இருப்பார்களா? ஒரு அம்மா ஆபீசுக்கே வந்துவிட்டார். "ஏனுங்க டீச்சர், வேனுக்குப் பணம் கட்டுனது எங்க தப்புங்களா? எம் புள்ளை மட்டும் எதுக்கு நாய் மாதிரி ஓடோணும்?" என்றார். டீச்சர் சிரிக்காமல் சொன்னார்: "ஒரு தப்பும் இல்லீங்க. உங்க பொண்ணு காலையில எந்திரிச்சதுல இருந்து உக்காந்தே வந்திருக்கா. நான் எழுப்பி விடுறேன், அவ்வளவுதானுங்க." கூட நின்ற அந்தப் பெண்ணே அம்மாவின் சால்வையை இழுத்து, "சும்மா இரும்மா, மானத்தை வாங்காத. நான் ஓடுறேன்" என்றது. அந்த அம்மா போய்விட்டார், புகார் போகவில்லை. அது தலைமை ஆசிரியர், அதிகாரி என்று மேலே மேலே ஏறியது.

அப்புறம் ஒருநாள் பள்ளியைப் பார்வையிட அதிகாரி ஒருவர் வந்தார். எல்லாப் பிள்ளைகளும் ஒரே விசிலுக்கு ஒரே மாதிரி குனிந்து நிமிர வேண்டும், பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று அப்போதிருந்த தலைமை ஆசிரியர் டீச்சரிடம் சொல்லிவிட்டார். ஒரு வாரம் பழக்கினால் போதும். டீச்சர் பழக்கவில்லை. நானும் சொல்லிப் பார்த்தேன், ஒரே ஒரு நாள்தானே டீச்சர் என்று. "ஒரு நாள் நடிச்சுக் காட்டினா வருஷம் பூரா அதையேதான் கேப்பாங்க ரங்கண்ணா" என்றார். அதிகாரி வந்தபோது மைதானத்தில் பனிமூட்டம். ஒரு பக்கம் ஓடுகிறார்கள், ஒரு பக்கம் தாண்டுகிறார்கள், ஒரு பக்கம் பந்துச் சத்தம் மட்டும் கேட்கிறது. இதில் பாடம் எங்கே நடக்கிறது என்று அவர் கேட்டார். டீச்சர் விளக்கினார். அவர் காதில் ஏறவில்லை. வரிசையில் நிற்கவைத்துக் குனியச் சொன்னார். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் குனிந்து, ஒருவரை ஒருவர் இடித்துச் சிரித்துவிட்டார்கள். பிள்ளைகள் முன்னாலேயே, இங்கே ஒழுங்கு என்பதே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குக் கிடைத்த தண்டனைதான் பத்தாம் வகுப்பின் விளையாட்டுப் பீரியட். ஒழுங்கில்லாத பாடத்துக்குப் பத்தாவதின் நேரத்தை எதற்கு வீணாக்க வேண்டும், கணக்கு சார் எடுத்துக்கொள்ளட்டும் என்றார் தலைமை ஆசிரியர். சுவரில் ஒட்டிய டைம்டேபிளில் விளையாட்டு என்றே இருந்ததாம், பிள்ளைகள் படித்துச் சொல்வார்கள். மைதானத்தில்தான் இல்லை. இதை நினைத்தால் எனக்கு அதிகாரி மேல் மட்டும் கோபம் வருவதில்லை, டீச்சர் மேலும் வருகிறது. அந்த ஒரு நாள் குனிந்து நிமிரவைத்திருந்தால் பத்தாவதுக்கு அந்தப் பீரியட் இருந்திருக்குமே. வளைந்துகொடுக்கத் தெரியாதவர். இன்றைக்கும் அந்த வருத்தம் எனக்கு உண்டு.

ஆனால் விட்டுவிடவும் இல்லை. அந்தப் பீரியடுக்கு நான் மணி அடித்ததும் டீச்சர் பத்தாம் வகுப்பு வாசலில் போய் நிற்பார். உள்ளே போக மாட்டார், சண்டை போட மாட்டார். நிற்பார். உள்ளே கணக்கு நடக்கும். பிள்ளைகள் கரும்பலகையைப் பார்ப்பார்கள், டீச்சரைப் பார்ப்பார்கள். சார் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் சாக்பீஸை வீசி, தொலையுங்கள் என்று விட்டுவிடுவார். சில நாள் பாதிப் பீரியட் கிடைக்கும், சில நாள் அடுத்த மணிக்கு முந்தின கடைசி நிமிஷம்தான் கிடைக்கும். மைதானத்தில் காட்டெருமை வந்து மேயும்போது நான் மணியடித்துத்தான் விரட்டுவேன். "காட்டெருமைகூட மணிச் சத்தத்துக்கு எந்திரிச்சுப் போயிருது, சார்தான் போக மாட்டேங்கறார்" என்று டீச்சர் சொல்வார். ஒருநாள் கணக்கு சார் வாசலுக்கே வந்து, இந்தப் பிள்ளைகள் ஃபெயிலானால் நீங்கள் பதில் சொல்வீர்களா என்று கேட்டார். "பாஸானதுல நான் என்னைக்காவது பங்கு கேட்டிருக்கேனா சார்?" என்றார் டீச்சர். சார் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் மேலே இருந்து நெருக்கடி. அன்றைக்கு அவரே பிள்ளைகளை இறக்கிவிட்டார்.

டீச்சர் ஓய்வு பெற்றபின் அந்த வாசலில் நிற்க ஆள் இல்லை. என் வீடு மைதானத்துக்குக் கீழேதான். மணிச் சத்தம் கேட்டாலே எந்தப் பீரியட் என்று தெரியும். பத்தாவது இறங்கவே இல்லை. வருஷங்கள் போயின, ஆசிரியர்கள் மாறினார்கள், இறங்கவே இல்லை. போன மழைக்காலத்தில் டீச்சரைப் பார்க்க குன்னூர் போனேன். முழங்கால் போய்விட்டது, நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. என் உடம்பை விசாரித்தார், மருமகளை விசாரித்தார், அப்புறம் கேட்டார்: "பத்தாவது இறங்குறாங்களா?" இல்லை என்றேன். "நான் செத்தா பள்ளிக்கூடத்துல இருந்து மாலை வரும். மாலை வேண்டாம், ஒரு பீரியட் இறக்கி விடச் சொல்லுங்க ரங்கண்ணா" என்றார்.

மாலை வந்தது. பெரிய மாலை. கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு வந்த மறுநாள் பள்ளியில் இரங்கல் கூட்டம், என்னையும் கூப்பிட்டு முன் வரிசையில் உட்காரவைத்தார்கள். இப்போதிருக்கும் தலைமை ஆசிரியர் இளைஞர், மரியாதை தெரிந்தவர், டீச்சரை நேரில் பார்த்ததில்லை. ஒழுங்குக்கும் கட்டுப்பாட்டுக்கும் இலக்கணமாக வாழ்ந்தவர் என்று பேசினார். விளையாட்டு விழாவில் அழகாக அணிவகுத்து நடக்கும் அணிக்கு இனி ஸ்டெல்லா டீச்சர் நினைவுக் கோப்பை என்று அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. எதை எதிர்த்து அந்த அம்மாள் வாழ்நாளெல்லாம் நின்றாரோ, அதற்கே அவர் பெயரில் கோப்பை. கூட்டம் முடிந்து மணி அடித்தது. அது பத்தாவதின் விளையாட்டுப் பீரியட். பிள்ளைகள் வரிசையாக எழுந்து கணக்கு வகுப்புக்குப் போனார்கள்.

இந்த மலரைப் படிக்கும் பழைய மாணவர்களே, உங்களில் பல பேர் பெரிய இடத்தில் இருக்கிறீர்கள். கோப்பைக்குப் பணம் அனுப்பாதீர்கள். பள்ளிக்கு வந்து அந்தப் பீரியடைக் கேளுங்கள். வேனில் வந்து ஓடியவர்களும் நடந்து வந்து பந்து வாங்கியவர்களும் சேர்ந்து வந்து கேளுங்கள்.

நான் காத்திருக்கவில்லை, போன வாரமே பத்தாவதின் விளையாட்டுப் பீரியடுக்கு மணி அடித்ததும் போனேன். தலைமை ஆசிரியர் உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "பப்ளிக் எக்ஸாம் முடியட்டுங்க ஐயா, பார்க்கலாம்" என்றார். "எக்ஸாம் முடிஞ்சா பத்தாவது எங்கீங்க சார் இருக்கும்?" என்றேன். அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. டீ முடிந்தது. அவர் ஃபைலைத் திறந்தார், போனில் பேசினார், பேசி முடித்தும் நான் அங்கேயே இருப்பதைப் பார்த்தார். வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். வேறு எதுவும் வேண்டாம் என்றேன்.

டீச்சரின் பாடம் எனக்கு வராது, அவர் பேச்சும் வராது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது போகாமல் இருப்பது ஒன்றுதான். அன்றைக்கு அந்தப் பீரியட் முடியும்வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரம் இதே பீரியடுக்கு மறுபடியும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன்.