பதினேழாம் நம்பர் ஆணி

உண்மையைச் சொன்னால் இதை எழுதாமலே விட்டிருப்பன். எழுத்துக்கும் எனக்கும் வெகுதூரம். பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டனான், பேந்து சேர்ந்த அவுஸ்பில்டுங் எண்ட தொழிற்பயிற்சியையும் பாதியில விட்டனான். இதையும் பாதியில விட்டாலும் ஆச்சரியப்படாதேங்கோ.

போன வருசம் சித்திரை மாசம், ஒரு சனிக்கிழமை. நான் ஜேர்மனியில, ஹாலே நகரத்தில ஒரு பார்சல் கிடங்கில வேலை செய்யிறன். டிரெஸ்டனில படிக்கிற மதுரைச் சிநேகிதன் ஒருத்தன், பக்கத்தில ஃப்ரைபெர்க் எண்டு ஒரு ஊர் இருக்கு, போய்ப் பார்ப்பம் எண்டு இழுத்துக்கொண்டு போனான்.

எண்ணூறு வருசத்துக்கு முன்னம் அது வெறும் காடாம். ஹாலேயில இருந்து உப்பு ஏத்திக்கொண்டு போன வண்டில்காரர், சில்லுத் தடத்தில மினுங்கின ஒரு கல்லை எடுத்தினமாம். பார்த்தால் வெள்ளி! ஆர் வேணுமெண்டாலும் வந்து தோண்டலாம் எண்டு அரசன் சொன்னதும், சனம் மண்வெட்டியோட ஓடிவந்து ஒரு நகரத்தையே எழுப்பிப்போட்டுது. "பாத்தியே, எங்கட ஹாலேக்காரர்தான் கண்டுபிடிச்சது" எண்டு அவனுக்குப் பெருமையடிச்சன். தேவாலயத்தில தங்கக் கதவு இருக்கு எண்டு அவன் சொல்ல, ஆசையோட போய்ப் பார்த்தால் எல்லாம் கல்லு. பூசியிருந்த தங்கம் எப்பவோ அழிஞ்சு போச்சுதாம். ஆனாலும் கல்லில செதுக்கின ஆக்கள் நல்ல வடிவு, பொய் சொல்லக்கூடாது.

பேந்து ஊருக்கு வெளியில இருந்த பழைய சுரங்கத்துக்குப் போனம். கூட்டிக்கொண்டு போறதுக்கு ஒரு அக்கா நிண்டவா. நாப்பது வயசு இருக்கும், கட்டையான ஆள், குரல் மட்டும் பெரிசு. சுவரில ஒரு பலகை, அதில வரிசையா ஆணி, ஒவ்வொரு ஆணியிலயும் நம்பர் போட்ட பித்தளைத் தகடு. உள்ள போற ஒவ்வொருத்தரும் ஒண்டைக் கழட்டிக்கொண்டு போகவேணும்; எனக்குப் பதினேழு. அவா டொச் மொழியில ஏதோ விளங்கப்படுத்தினா. சிநேகிதனுக்கு டொச் வராது, நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

"என்னடா சொல்றாங்க?" எண்டு கேட்டான்.

"தகட்டைத் துலைச்சால் அவாவைக் கலியாணம் கட்டவேணுமாம்" எண்டன். அவன் தகட்டைப் பொக்கற்றுக்க வைச்சு சிப்பை இழுத்து மூடினான்.

அவை தந்த சப்பாத்தும் லைற் பூட்டின தொப்பியும் போட்டுக்கொண்டு லிஃப்டில நூற்றைம்பது மீட்டர் கீழ இறங்கினம். குளிர், ஈரம், தலை முட்டுற பாதை. நான் சும்மா இருப்பனே? லைற்றை நிப்பாட்டிப்போட்டு ஒரு மூலைக்க ஒளிச்சு நிண்டு, சிநேகிதன் வரப் பாய்ஞ்சன். அவன் போட்ட சத்தத்தில கூட்டமே திரும்பிப் பார்த்தது. அக்கா ஏசினா. கொஞ்சத் தூரம் போக, சங்கிலி போட்டு மறிச்ச ஒரு பழைய ஏணிப்பாதை இருந்தது. "இதுக்க வெள்ளி மிச்சம் இருக்கோ? ஒருக்கா இறங்கி எடுத்துக்கொண்டு வாறன்" எண்டன். அவா சிரிக்கேல்லை. படி உக்கிப்போச்சு, கீழ தண்ணி எண்டா.

மேல வந்ததும் சப்பாத்தைக் குவியலில எறிஞ்சு, தொப்பியையும் வைச்சிட்டு, இரண்டாவது லிஃப்டில அக்கா வரமுன்னமே வெளிக்கிட்டிட்டன். சிநேகிதன் மற்றாக்களைப் பார்த்துத் தகட்டைத் திருப்பி ஆணியில கொழுவினான். நான் கொழுவேல்லை. வடிவான தகடு, வீடு பூட்டுற திறப்புக்கோர்வையில போடலாம் எண்டு வைச்சுக்கொண்டன்.

சந்தைச் சதுக்கத்தில கோப்பி குடிச்சுக்கொண்டிருக்கேக்க தகட்டை எடுத்து அவன்ர மூக்குக்கு முன்னால ஆட்டினன்.

"நீ மாட்டலயா? டேய், உண்மையிலேயே அந்தக்கா என்னதான்டா சொன்னாங்க?"

அப்பதான் முதல்முறையா ஒழுங்கா மொழிபெயர்த்தன். "வெளியில வந்தால் கொழுவவேணும். ஒரு ஆணி வெறுமையா இருந்தால் ஒரு ஆள் உள்ளுக்க எண்டு அர்த்தம். அந்த ஆளை எடுக்காமல் நாங்கள் ஒருத்தரும் வீட்ட போகமாட்டம்..."

சொல்லி முடிக்கமுன்னமே எனக்கு விளங்கிட்டுது. பேரும் தகட்டு நம்பரும் குடுத்தனான், ஃபோன் நம்பர் ஒருத்தரும் கேக்கேல்லை. வெள்ளி எடுக்க இறங்கப்போறன் எண்டு சொன்ன விசரன் ஆரெண்டு அவாவுக்கு நல்லாத் தெரியும். என்னை எங்க தேடுவா?

கோப்பியை அப்பிடியே விட்டிட்டு ஓடினம். மேட்டு ரோட்டு, மூச்சு வாங்குது. போய்ப் பார்த்தால் லிஃப்ட் வாசலில ஒரு மனிசன் வெளிறின முகத்தோட நிக்கிறார். தகட்டை நீட்டினன். மனிசன் பக்கத்தில கிடந்த வாங்குப் பலகையில தொப்பெண்டு இருந்திட்டார். அக்காவும் இன்னொரு வேலையாளும் என்னைத் தேடி அந்த ஏணியால இறங்கிப் போயிட்டினமாம். அங்க ஃபோன் இல்லை. அவையைக் கூப்பிட்டுக்கொண்டு வர இன்னொருத்தர் உடன கீழ போனார்.

உக்கின படி. கீழ தண்ணி. எனக்கு வேற ஒண்டும் நினைவில வரேல்லை. சிநேகிதன் பக்கத்தில நிண்டு லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். ரெண்டு திட்டுத் திட்டியிருந்தாலும் பரவாயில்லை. முக்கால் மணித்தியாலம் நிண்டிருப்பம்.

லிஃப்ட் மணி அடிச்சது. கதவு திறந்தது. முதல் வேலையாள், அவருக்குப் பின்னால அக்கா. இடுப்பு வரைக்கும் சேறு, ஒரு உள்ளங்கை உரஞ்சு ரத்தம். ஆனா ரெண்டு காலிலயும் நடந்து வந்தா. அறை விழும் எண்டு நிண்டன். அவா கிட்ட வந்து, என்ர தோளை ரெண்டு கையாலயும் அமத்திப் பார்த்தா, நான் உண்மையா நிக்கிறனோ எண்டு பாக்கிற மாதிரி.

"மேலயே இருந்தனீ?" எண்டா. பேந்து சிரிச்சா, சிரிக்கேக்க கண்ணால தண்ணி ஓடினது. நானும் அழுதிட்டன், இதை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ.

பலகையைக் காட்டினா. நான் போய்க் கொழுவினன். "இனி நான் வீட்ட போகலாம்" எண்டா. ஆனா உடன போகேல்லை. அதுக்குப் பிறகுதான் ஏச்சுத் தொடங்கினது. ஒரு சொல்லும் விடாமல், ஒண்டையும் மாத்தாமல் சிநேகிதனுக்கு மொழிபெயர்த்தன்.

நான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் விட்டநேரம், ஏன் வரேல்லை எண்டு கேட்டு ஒருத்தரும் வரேல்லை. நான் இல்லாட்டி ஆருக்குத் தெரியப்போகுது எண்டுதான் இவ்வளவு காலமும் திரிஞ்சனான். என்ர பேரைக்கூட வடிவாச் சொல்லத் தெரியாத ஒரு பொம்பிளை எனக்காக அந்த ஏணியில இறங்கினவா எண்டதை நினைச்சால், இப்பவும் வேலை முடிஞ்சு வெளிக்கிடேக்க ஆருக்கெண்டாலும் சொல்லாமல் போக எனக்குக் கால் வராது.

இதை ரெயினுக்க இருந்து எழுதி முடிச்சு, பிழை பார்க்கச் சொல்லிச் சிநேகிதனுக்கு அனுப்பினன். உடன பதில் வந்தது:

"அதெல்லாம் அப்புறம் பாக்குறேன், நீ வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டியா?"