நான்கு குளம்புக்கு நான்கு எலுமிச்சம்பழம்

குதிரை ஏற்றம் கற்க வரும் பிள்ளைகளால் எனக்கு ஒருநாளும் தலைவலி வந்ததில்லை. வேலிக்கு வெளியே நின்று கத்தும் அப்பாக்களால்தான் வந்திருக்கிறது. தென்னேரிப் பக்கம் எங்கள் மைதானத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு குதிரை, நாலு ஆலோசகர்கள்.

யாழினிக்கு ஒன்பது வயது. அவள் அப்பாவுக்குச் சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை. டிராட் என்கிற துள்ளுநடையில் போகும்போது பேலன்ஸ் தவறி மணலில் விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் மறுவாரம் வேலியைத் தாண்டி உள்ளே வரவில்லை. கம்பியைப் பிடித்தபடி, தான் ஏறியிருந்த ராணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ராணி எங்களிடம் இருப்பதிலேயே சாதுவான குதிரை.

"தூக்கி உக்கார வைங்க மாஸ்டர். ரெண்டு ரவுண்டு போனா பயம் தெளிஞ்சிடும்," என்றார் அப்பா.

"அப்பிடி வெச்சா ஜென்மத்துக்கும் தெளியாது சார்."

கேரட் கொடுக்கச் சொன்னேன். வேலியோரம் வைத்துவிட்டு ஓடினாள். ராணியின் முதுகில் பிரஷ் போடக் கூப்பிட்டேன்; வரவில்லை. அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"அடுத்த வாரமும் ஏறலேன்னா நிறுத்திடலாம். கராத்தேல சேத்துடறேன்."

"நிறுத்தாதப்பா, எனக்கு ராணி வேணும்," என்று அழுதாள். கால்தான் நகரவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

அடுத்த வாரம் மனிதர் பட்டு வேட்டியில் வந்து இறங்கினார். கையில் பூசணிக்காய், கற்பூரம், எலுமிச்சம்பழம் நான்கு. புது காருக்குச் செய்வதுபோல ஒவ்வொரு குளம்புக்கு முன்னாலும் ஒரு பழத்தை வைத்தார்.

"மேல ஏத்தி நசுக்குங்க மாஸ்டர். திருஷ்டிதான், வேற ஒண்ணும் இல்ல."

ராணி ஒரு பழத்தை முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்கிருந்த அறிவு அவருக்கு இல்லை. "சார், வேணாம்!" என்று நான் கத்துவதற்குள் பூசணிக்காயைச் சுற்றித் தரையில் ஓங்கி அடித்தார்.

ராணி மிரண்டு பின்வாங்கியது. கயிறு என் உள்ளங்கையை அறுத்தது. ஒருவழியாக நிறுத்தினேன். அதன் உடம்பெல்லாம் நடுங்கியது.

திரும்பிப் பார்த்தால் யாழினி வேலிக்கு உள்ளே நிற்கிறாள்.

"அப்பா, நீ வெளியில போ! ராணி எப்பிடி பயந்துக்கினு இருக்குறா பாரு!"

வேட்டியெல்லாம் பூசணி விதையோடு அவர் வெளியே போனார். அவள் மெல்ல வந்து ராணியின் கழுத்தைத் தடவினாள். "ஒண்ணும் இல்லம்மா, நான் இருக்கேன்ல." கயிற்றைப் பிடித்து என்னோடு மைதானத்தைச் சுற்றி வந்தாள். பிறகு அவளாகவே கேட்டாள்: "மாஸ்டர், நான் ஏறிக்கட்டுமா? நான் மேல இருந்தா அவ பயப்பட மாட்டா."

ஏறினாள். வேலிக்கு வெளியே அப்பா போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் சொல்லல? பூசணிக்கா வேலை செஞ்சிடுச்சு!"

இத்தனை வருஷத்தில் நான் கற்ற பாடம் இதுதான். தன் பயத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளைக்கு அது போகாது. இன்னொரு உயிரைத் தேற்றப் போனால் தன் பயத்தை மறந்துவிடும். இதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வாரம் ராணியைப் பயமுறுத்தப் பட்டாசோடு வந்து நிற்பார்.