ரியூசன் வகுப்புக்குக் கீழே ஒரு சபை

மட்டக்களப்பு டவுனில் ஞாயிறு காலையில் கடவுளே வந்து கூப்பிட்டாலும் ஆள் கிடைக்காது. பிள்ளைகளுக்கு ரியூசன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு. மாடியில் கணிதம் படிப்பிப்பவள் நான்தான்.

கீழ்த்தளத்தை ஓர் இளம் பாஸ்டர் வாடகைக்கு எடுத்தார். கந்தோர் வேலையும் வீடுமாக, கோயிலும் வேண்டாம் சபையும் வேண்டாம் என்று இருக்கும் எங்கள் தெருவில் புதிதாக ஒரு சபை தொடங்க அவரை அனுப்பியிருந்தார்கள். நத்தார்ப் பண்டிகைக்குள் ஆள் சேராவிட்டால் திரும்பிப் போகவேண்டியதுதான். மாலை ஆராதனையில் அவருடைய மனைவியும் ஆளில்லாத வெறும் மர வாங்குகளும் மட்டுமே இருந்தார்கள்.

ஒரு ஞாயிறு அந்த வாங்குகளை வாசலுக்குத் தூக்கி வந்தார். வகுப்பு முடியும்வரை வெயிலில் மோட்டார் சைக்கிளோடு காத்து நிற்கும் பெற்றோரை இருத்தி, பிளேன்டீ கொடுத்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். ரியூசனுக்குப் போனால் மதம் மாற்றுகிறார்கள் என்று யாராவது கிளப்பிவிட்டால் என் வகுப்பு காலி. இறங்கிப்போய்க் கேட்டேவிட்டேன்.

"விளங்குது ரீச்சர்," என்றார். "உங்கட வகுப்பு முடியும் வரைக்கும் இயேசுவப் பத்தி ஒரு சொல்லும் கதைக்க மாட்டன்."

பார்ப்போமே என்று ஜன்னலோரம் நின்றே படிப்பித்தேன். கிரிக்கெட், மழை, மீன் விலை எல்லாம் ஓடியது. அவர் கதைத்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். வாரக்கணக்கில் வாக்குத் தவறவில்லை. எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

நத்தாருக்கு முந்திய ஞாயிறு கீழே ஓர் அழுகுரல் கேட்டது. வங்கியில் வேலை செய்பவர், என் மாணவி ஒருத்தியின் தாய். எந்தச் சாமியையும் கும்பிடாதவர். கட்டாருக்கு வேலைக்குப் போன கணவர் அங்கே ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறாராம்.

"பாஸ்டர், அவருக்காக ஒருக்கா செபம் பண்ணுங்களன்."

நான் எழுதிக்கொண்டிருந்த சோக்கைக் கீழே வைத்தேன். இத்தனை மாதமும் அந்த மனிதர் காத்திருந்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

"கட்டாயம் பண்ணுறன் அக்கா," என்றார். "ரீச்சருக்கு ஒரு வாக்குக் குடுத்திருக்கன். வகுப்பு முடியட்டும். அதுவரைக்கும் உங்களுக்குப் பக்கத்திலயே இருக்கன்."

பரீட்சை நெருங்கினால் ஒரு நிமிடமும் விட்டுக்கொடுக்காதவள் நான். பலகையில் பாதியில் நின்ற திரிகோணகணிதத்தை அழித்துவிட்டு, ஜன்னலால் தலையை நீட்டித் தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்:

"பாஸ்டர், வகுப்பு முடிஞ்சுது!"