ஊட்டிக்கு அப்பா வந்தாரா

போன வாரம் பால் வாங்கப் போன கடையில், குளிர்பெட்டிக்குள் தோல் நீக்கிய அவரைப் பருப்பைப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து வைத்திருந்தார்கள். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. டிசம்பரில் மைசூர் வீடொன்றில் அவரைக்காய் வாங்கினால், அந்த வீட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் வேலை வந்துவிட்டது என்று அர்த்தம். காயை உரித்து, கொட்டையை ஊறவைத்து, மறுநாள் ஒவ்வொன்றாக விரல்களுக்கு நடுவே வைத்துப் பிதுக்க வேண்டும். பருப்பு துள்ளி எங்கேயாவது ஓடும், தோல் விரலிலேயே ஒட்டிக்கொள்ளும். இதையும் டப்பாவில் விற்றால் வீட்டில் மனிதர்கள் எதற்கு? டப்பாவை எடுத்து முகர்ந்து பார்த்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வாசனையே இல்லை. பனி இறங்க இறங்கத்தான் அவரைக்கு மணம் ஏறும். காயின் மேல் பிசுபிசுக்கிற அந்த எண்ணெய் வாசத்தைக் கன்னடத்தில் 'சொகடு' என்பார்கள். எங்கள் அம்மா வேலூர்க்காரி என்றாலும் இந்த ஒரு விஷயத்தில் முழுக் கன்னடக்காரியாகிவிட்டிருந்தாள். சொகடு இல்லாத காயை அவள் கையால் தொடமாட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தம்பிக்குப் போன் போட்டேன். "டேய், ஊட்டியில பனியில உக்காந்து அப்பாவும் நாமளும் பிதுக்குப்பருப்புக் குழம்பு சாப்ட்டோமே, ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"நீ சும்மா கத விடாத மாராய்த்தி. அப்பா ஊட்டிக்கு வரவே இல்ல" என்றான். மாராய்த்தி என்றால் கன்னடத்தில் மகராசி.

அவனுக்கு அப்போது ஆறு வயது, எனக்கு ஒன்பது. ஆறு வயதுக்காரன் சொல்வதை ஒன்பது வயதுக்காரி எதற்குக் கேட்க வேண்டும்? ஆனாலும் போனை வைத்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. அப்பா போய் எட்டு வருஷம், அம்மா போய் மூன்று வருஷம். ஊட்டிப் பெரியம்மாவும் பெரியப்பாவும்கூட இப்போது இல்லை. யாரிடம் போய்க் கேட்பது?

அந்த வருஷத்தைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் ஆரம்பம். காவிரித் தண்ணீருக்காக இரண்டு மாநிலங்களுக்கும் தகராறு முற்றியிருந்தது. ஊரில் தமிழ் பேசுகிறவர்களுக்கு நேரம் சரியில்லை. எனக்கு அது எதுவும் தெரியாது. பள்ளிக்கூடத்தை முன்கூட்டியே மூடிவிட்டார்கள், கிறிஸ்துமஸ் லீவு சீக்கிரமே வந்துவிட்டது, அவ்வளவுதான். ஒருநாள் காலை அம்மா, "ஊட்டிக்குப் போறோம். பெரியம்மா வீட்டுல ஐஸ் மாதிரி பனி கொட்டும், பாக்கலாம்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பஸ் ஓடவில்லை. பக்கத்து வீட்டுச் சரோஜம்மாவின் தம்பி, காய்கறி ஏற்றும் டெம்போ வைத்திருந்தார். அதில் முன்னால் எங்களை உட்காரவைத்தார்கள். அம்மா அவசரத்தில் எங்கள் ஸ்வெட்டர்களையெல்லாம் கட்டிலின் மேலேயே விட்டுவிட்டு, முந்தின நாள் ஊறப்போட்ட அவரைக் கொட்டையைத் தூக்குவாளியோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். உறைகிற ஊருக்குப் போகிறவள் செய்கிற காரியமா இது? பின்னாளில் கேட்டதற்கு, "ஊறப்போட்டத எப்பிடிடி விட்டுட்டு வர்றது?" என்றாள். அவளுக்கு அது ஒரு காரணம்.

டெம்போவில் ஒரு விளையாட்டு என்று சொன்னாள். "செக்போஸ்ட் தாண்டற வரைக்கும் கன்னடத்துல மட்டுந்தான் பேசணும். யாரு தமிழ் பேசறாங்களோ அவங்க அவுட்." நானும் தம்பியும் அவரையைப் பிதுக்கிக்கொண்டே கன்னடத்தில் சண்டை போட்டோம். நஞ்சன்கூடு தாண்டி, குண்டலுபேட்டையும் தாண்டிவிட்டோம். அம்மாவுக்கும் கன்னடம் நன்றாகவே வரும். ஆனால் அவள் எந்த மொழியிலும் வாயைத் திறக்கவில்லை. நான்தான் ஜெயித்தேன் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் புத்தியை எதால் அடிப்பது?

பந்திப்பூர் காட்டுக்கு அந்தப் பக்கம் பெரியப்பா எஸ்டேட் ஜீப்போடு நின்றிருந்தார். மறுநாள் காலை பெரியம்மா வீட்டு வாசலில் புல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது. நான் அதைச் சுரண்டி டம்ளரில் போட்டு, சர்க்கரை தூவித் தின்றேன். புல்லும் மண்ணும் கலந்து ஒரு ருசி. பெரியம்மா கரியடுப்பில் பருப்பை வேகவைத்தாள். தேங்காய், கொத்தமல்லி, நாலு மிளகு, இவ்வளவுதான் மசாலா. அந்தக் குளிரில் சோற்றிலிருந்து ஆவி எழும்பி முகத்தில் பட்டது. பெரியம்மாவின் புடவைகளைச் சுற்றிக்கொண்டு நாங்கள் வாசல்படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

எனக்கு இடது பக்கத்தில் அப்பா. குரங்குக் குல்லா போட்டிருக்கிறார். தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்கிறார். அவர் தோள் என் தோளில் படுகிறது, கதகதப்பாக இருக்கிறது. இது எனக்கு நேற்று மாதிரி நினைவிருக்கிறது. பெரியப்பாவை மாற்றி நினைத்துக்கொண்டேனோ என்றும் யோசித்தேன். பெரியப்பாவுக்கு அவரை ஆகாது, வாயு பிடிக்கும். அவர் அதன் பக்கமே வரமாட்டார். அப்படியானால் அது யார்? டெம்போவில் அப்பா எங்கே உட்கார்ந்திருந்தார் என்று நினைத்துப் பார்க்கிறேன். அங்கே அவர் இல்லை. பின்னால் வேறு வண்டியில் வந்தாரோ? குழப்பமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

பொறுக்கமாட்டாமல் நேற்று ஸ்ரீரங்கப்பட்டணம் போனேன். சரோஜம்மா இப்போது அங்கே மகள் வீட்டில் இருக்கிறார். எங்கள் குடியிருப்பில் அவர் வீடு இருந்த இடத்தில் நாலு மாடிக் கட்டடம் நிற்கிறது. முழங்கால் வலிக்கு என்ன தைலம் தேய்க்கிறார் என்பதெல்லாம் பேசி முடித்த பிறகுதான் எனக்குக் கேட்க வாய் வந்தது.

"உங்கப்பா எங்கியும் போகலம்மா. பதினொரு நாள் எங்க வீட்டு சாமி ரூம்லதான் இருந்தாரு" என்றார், எங்களிடம் கற்றுக்கொண்ட தமிழில். "எல்லாரும் போய்ட்டா உங்க வீட்ட ஒடச்சிடுவாங்கன்னு நின்னுட்டாரு. ஒருநாள் வாசல் கேட்டாண்ட பத்து பேரு வந்து, உள்ள யாருன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நம்மண்ண அந்தெ. எங்க அண்ணன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? போய்ட்டாங்க." அதைச் சொல்லிவிட்டு, காபிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். நன்றியில் அழுகிறேன் என்று அவர் நினைத்து என் முதுகைத் தடவிக்கொடுத்தார். நன்றியும் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். எனக்கு இன்னொன்றும் இருந்தது, அதை அவரிடம் எப்படிச் சொல்வது? உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் அறைக்குள் உட்கார்ந்திருந்த அப்பாவை அவர் எனக்குக் கொடுத்தார். ஊட்டியில் என் பக்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேலாக உட்கார்ந்திருந்த அப்பா, அந்தக் கணமே எழுந்து போய்விட்டார்.