ரஞ்சிதத்தின் நான்காம் அத்தியாயம்

ரஞ்சிதம் அக்காவிடம் வாலாட்டியவர்கள் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியும். கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூர் வரும் காலை ரயிலில் ஒருத்தி அக்காவின் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாளாம். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளிலிருந்து தன் வீட்டருகே உள்ள சாம்பியன் ஸ்டேஷனில் ஏறாமல், ரயில் புறப்படுகிற மாரிக்குப்பத்துக்கே நடந்து போய் ஏறி, அதே ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். எட்டு மாதம் விடவில்லை. அந்தப் பெண் வேறு பெட்டிக்கு ஓடிய பிறகுதான் நடையை நிறுத்தினாள். "அந்த ஜன்னல்ல இன்னா இருக்குது? மூஞ்சில வெயில்தான் அடிக்குது" என்று அக்காவே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

இப்பேர்ப்பட்டவளிடம்தான் எங்கள் அபினவ் மோதினான். முதலாளியை 'அவர்' என்று எழுத வேண்டும்தான். முயன்று பார்த்தேன், கை வரமாட்டேன் என்கிறது.

நான் தாரணி. பிரேசர் டவுனில் அவனுடைய கம்ப்யூட்டர் கம்பெனியில் போன் எடுப்பது, கடிதம் டைப் அடிப்பது, டெண்டர் காகிதங்களைக் கட்டி அனுப்புவது எல்லாம் என் வேலை. பழைய முதலாளி சுந்தரராமன் சார் இருந்தவரை பிரிண்டர், யூபிஎஸ், கம்ப்யூட்டர் என்று பெட்டி பெட்டியாக விற்றோம். அவர் ஒதுங்கியதும் மகன் அபினவ் வந்தான். வந்த வாரமே, "இனிமே பெட்டி விக்கிறது கிடையாது. கிளவுட்தான். மெஷின வாங்காம, எங்கயோ இருக்கிற மெஷின்ல இன்டர்நெட் வழியா இடத்த வாடகைக்கு எடுக்கிறது" என்றான். கிளவுட் என்றால் என்ன, நம் வட்டாரத்தில் அதை யார் வாங்குவார்கள், நம்மைப் போன்ற விற்பனைக்காரர்களுக்கு அதில் என்ன இடம் என்று ஒரு அறிக்கை வேண்டும் என்று, எங்களோடு வேலை பார்த்த அக்காவைப் பிடித்தான். அக்கா டிப்ளமா முடித்தவள். சுரங்கத்தில் வேலை பார்த்த ஜெயவேலுவின் மகள். சுரங்கம் மூடியபிறகு அந்த வீட்டில் மாதச் சம்பளம் என்று வந்தது அவளுடையதுதான்.

ஐந்து மாதம் அக்கா தேய்ந்த செருப்போடு அலைந்தாள். லிங்கராஜபுரத்தில் பள்ளிக்கூடங்கள், பிரேசர் டவுனில் நர்சிங் ஹோம்கள், அல்சூரில் ஜவுளிக்கடைகள். மேஜைக்கடியில் எலி புழுக்கை போட்ட கம்ப்யூட்டரில் நோயாளிகளின் எக்ஸ்ரேயை எல்லாம் வைத்திருந்த டாக்டரைப் பார்த்தாள். அட்மிஷன் மாதத்தில் மட்டும் மூச்சுத் திணறி, மற்ற மாதங்களில் தூங்குகிற பள்ளிக்கூட சர்வரைப் பார்த்தாள். "நம்ம மார்க்கெட் இதான்டி. வருஷம் பூரா பெரிய மெஷின் வேணாம் இவங்களுக்கு. கூட்டம் வர்றப்போ பெருசாவணும், போனதும் சுருங்கணும், எவ்ளோ எடுத்தாங்களோ அவ்ளோக்குத்தான் பில்லு. இத எவன் சரியா வித்தாலும் இந்த ஏரியாவே அவன் பின்னால வரும்" என்றாள்.

ரயிலில் வரும்போதும் போகும்போதும் நோட்டில் எழுதுவாள். நான் அதை டைப் அடிப்பேன். கல்யாண மண்டபத்தை வைத்து அவள் எழுதிய விளக்கம் எனக்கு இன்றும் மனப்பாடம். வெறும் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து அடுப்பு, பாத்திரம், சமையல்காரர் எல்லாம் நீயே கொண்டுவருவது ஒருவகை. அடுப்பும் பாத்திரமும் அவர்களே தந்து, சமையலை மட்டும் நீ பார்த்துக்கொள்வது இரண்டாம் வகை. இலை போட்டுப் பரிமாறுவது வரைக்கும் அவர்களே செய்து, நீ வந்து சாப்பிட்டுவிட்டுப் போவது மூன்றாம் வகை. கிளவுடிலும் இதே மூன்றுதான் என்று எழுதியிருந்தாள். கம்ப்யூட்டரைப் பிடிக்காத என் மாமியாருக்கே இது புரிந்தது.

நான்காம் அத்தியாயத்தின் பெயர் 'எது கிளவுட் இல்லை'. வாங்குகிறவர் தானே, யாரையும் கூப்பிடாமல், வேண்டும்போது இடத்தைக் கூட்டிக்கொள்ளவும் குறைத்துக்கொள்ளவும் முடியாவிட்டால் அது கிளவுட் இல்லை. பின் அறையில் நாலு மெஷினை வைத்து, ஒரு ஆளை உட்காரவைத்து, அவன் கையால் செய்கிறதைக் கிளவுட் என்று விற்றால் அது ஏமாற்று. இப்படி வெட்டு ஒன்று துண்டு இரண்டாக எழுதியிருந்தாள்.

வினை அங்கேதான் வந்தது. ஏனென்றால் அபினவ் செய்யப்போனது அதைத்தான். கஸ்டமர்கள் திருப்பிக் கொடுத்த நாலு பழைய மெஷின்களைப் பின் அறையில் அடுக்கி, மெஷின் ரிப்பேர் பார்க்கிற கிறிஸ்டோபரை அங்கே உட்காரவைத்து, வாசலில் கிளவுட் என்று போர்டு மாட்டத் தயாராகிவிட்டான். பெரிய கம்பெனிகளோடு கூட்டு சேர்ந்து நியாயமாகச் செய்தால் லாபம் கம்மியாம். நான்காம் அத்தியாயத்தை அப்படியே உருவி எடுத்துவிட்டு, மீதியைப் பளபளவென்று புத்தகமாக அச்சடித்தான். அட்டையில் அவன் பெயர்.

புத்தகம் வந்த அன்று ஆபீசில் கேக் வெட்டினார்கள். அக்கா புரட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்: "சார், இதுல என் பேர் எங்க?"

"நீ தெருத்தெருவா போய்க் கேட்டுட்டு வந்த. அதுக்கெல்லாம் பேர் போடுவாங்களா?" என்றான். "எழுதினது நான். வேணும்னா டைப் அடிச்சவளக் கேளு. தாரணி, யாரு எழுதினது?"

பதினாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள். எனக்கு வாய் நீளம் என்று எங்கள் தெருவே சொல்லும். அன்று அந்த வாயில் கொழுக்கட்டை. புருஷனுக்கு வேலை போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது என்று இப்போது காரணம் சொல்லலாம். த்தூ, காரணமாம் காரணம். நான் கேக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா அன்று மாலையே நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு மூன்று வருஷம் என் போனை எடுக்கவில்லை. ஒருமுறை கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் எதிரே வந்தும், கம்பத்தைக் கடப்பதுபோல என்னைக் கடந்து போனாள். அபினவைக் கவிழ்க்க வேண்டும் என்ற வெறி அவளுக்கு இருந்ததோ இல்லையோ, எனக்கு வந்துவிட்டது. அக்கா மறுபடி ஒரு வார்த்தை என்னிடம் பேச வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

போன வருஷம் அல்சூரில் ஒரு மருத்துவமனை டிரஸ்ட், தன் ஐந்து கிளினிக்குகளுக்கும் சேர்த்துக் கிளவுட் வேண்டும் என்று டெண்டர் விட்டது. அபினவ் குதித்தான். அது கிடைத்தால்தான் கம்பெனியில் பணம் போட வந்தவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். இல்லையென்றால் கதை கந்தல்.

டெண்டரில் கம்ப்ளையன்ஸ் ஷீட் என்று ஒன்று உண்டு. அவர்கள் கேட்பது இடதுபக்கம் வரிசையாக இருக்கும். வலதுபக்கம் நாம் 'கம்ப்ளைட்' என்று எழுத வேண்டும், அதாவது நீங்கள் கேட்டது எங்களிடம் இருக்கிறது என்று. எங்கள் தொழிலில் யாரும் அதைப் படிப்பதில்லை. முதல் வரியில் 'கம்ப்ளைட்' என்று அடித்து, கடைசி வரி வரைக்கும் மவுஸால் இழுத்து விடுவதுதான் பழக்கம். பிறகு முதலாளி பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்த வேண்டும்.

அன்று இழுக்கப்போன கை நின்றுவிட்டது. 'வாங்குகிறவர் தானே, யாரையும் கூப்பிடாமல்...' நான் டைப் அடித்த வரியாயிற்றே! கீழே கீழே போனேன். நான்காம் அத்தியாயம் முழுதாக ஒரு வார்த்தை மாறாமல் கேள்விகளாக வந்திருந்தது. கடைசியில் ஒரு வரி மட்டும் புதிது. நேரில் செய்து காட்ட வேண்டும், 'கம்ப்ளைட்' என்று எழுதியது பொய்யாகிப் போனால் டிரஸ்டின் எந்த டெண்டருக்கும் மூன்று வருஷம் வரக் கூடாது. கடிதத்தின் கீழே கையெழுத்து: ரஞ்சிதம், ஐடி மேனேஜர்.

அந்தக் கையெழுத்தை இரண்டு முறை படித்தேன். அப்புறம் சிரிப்பு வந்தது. 'கம்ப்ளைட்' என்று அடித்தேன், அறுபத்திரண்டு வரிக்கும் இழுத்துவிட்டேன். மூன்று நாள் அந்தக் கட்டு அவன் மேஜையில் கிடந்தது. நாலாவது நாள் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே, தான் உருவிப் போட்ட அத்தியாயத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் தன் கையாலேயே கையெழுத்துப் போட்டான். முத்திரை குத்தியது நான். நன்றாக அழுத்திக் குத்தினேன்.

செய்து காட்டும் நாள். நானும் லேப்டாப் பையோடு போனேன். அறையில் அக்காவைப் பார்த்ததும் அபினவ் ஒரு நொடி தடுமாறினான், பிறகு சமாளித்துப் பல்லைக் காட்டினான். நடுவில் டிரஸ்ட் தலைவர் டாக்டர் சங்கமித்ரா. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"எல்லார் போனும் இதுல வெச்சிடுங்க" என்று ஊசி மருந்து வைக்கிற ஸ்டீல் தட்டு ஒன்றை நீட்டினாள். பிறகு பதிவு கவுன்ட்டரில் உட்காரும் லட்சுமம்மாவைக் கூப்பிட்டாள். "லட்சுமம்மா, நாளைக்குக் காய்ச்சல் கேம்ப். கூட்டம் ரெண்டு மடங்கு வரும். இடத்தக் கூட்டுங்க. அஞ்சு நிமிஷம்."

லட்சுமம்மா பயந்து பயந்து பட்டனை அழுத்தினார். திரையில் வட்டம் சுற்றியது. ஒரு நிமிஷம். இரண்டு. "பின்னாடி பேக்கெண்ட்ல ஆட்டோமேட்டிக்கா நடந்துட்டிருக்கு மேடம்" என்றான் அபினவ். நாலாவது நிமிஷம் ஸ்டீல் தட்டு அதிர்ந்து கத்தியது. அபினவின் போன். திரையில் பெரிய எழுத்தில் கிறிஸ்டோபர், சர்வர் ரூம்.

"உங்க கிளவுட் போன் பண்ணுது சார்" என்றாள் அக்கா. "எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

அவன் கை நீளவில்லை. டாக்டர் சங்கமித்ராவே எட்டி அழுத்தினார்.

"சார், யாரோ புதுசா இடம் கேட்டு மெயில் வந்துருக்கு" என்றது கிறிஸ்டோபரின் அப்பாவிக் குரல். "நாலு மெஷின்லயும் இடம் இல்ல சார். மூலைல கெடக்கிற அந்தப் பழசத் தொடச்சு ஆன் பண்ணட்டுமா? ஒரு மணி நேரம் ஆவும், பரவால்லையா?"

லட்சுமம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அபினவின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு எழுந்து கத்தினான்: "மேடம், இது பர்சனல்! இவங்க எங்க கம்பெனில இருந்தவங்க. என்னப் பழிவாங்கறாங்க!" அக்காவை அவன் 'இவங்க' என்று மரியாதையாகச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

"ஆமா சார், பழிதான்" என்றாள் அக்கா. குரல்கூட உயரவில்லை. "இல்லன்னு சொல்லலியே. யாரையும் கூப்பிடாம இடத்தக் கூட்டிக் காட்டுங்க, இப்பவே உங்களுக்கு ஆர்டர்ல கையெழுத்துப் போடறேன்."

"அவங்க உங்க கம்பெனில இருந்தத மொதல் நாளே எழுத்துல குடுத்துட்டாங்க" என்றார் டாக்டர். "அதனாலதான் இன்னைக்கு நானே வந்து உக்காந்தேன். அறுபத்திரண்டு வரிலயும் இருக்குன்னு எழுதி, கீழ கையெழுத்துப் போட்டது யார் மிஸ்டர் அபினவ்?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற கேள்வி. அபினவ் தட்டிலிருந்த போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். நாங்கள் வெளியே வந்தோம்.

லிஃப்டுக்குள் நுழைந்ததுமே அவன் போனை எடுத்தான். "கிறிஸ்டோபர், நாளைலேர்ந்து வராத. போ, கிளம்பு!" நாற்பது வயது மனிதன், இரண்டு பிள்ளைகள், கேட்டதற்குப் பதில் சொன்னதைத் தவிர ஒரு பாவமும் அறியாதவன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவர எதுக்கு சார் அனுப்பறீங்க? நான் எல்லா வரியையும் படிச்சேன். அக்கா எழுதினதுன்னு தெரிஞ்சேதான் கம்ப்ளைட் போட்டேன். மூணு நாள் உங்க டேபிள்ல இருந்துச்சு, நீங்க ஒரு பக்கம் படிச்சிருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். உங்க பேர் போட்ட புத்தகத்தயாவது படிச்சிருக்கீங்களா?"

அவன் என்னென்னவோ சொன்னான். அதையெல்லாம் அச்சில் எழுத முடியாது. லேப்டாப் பையை அவன் காலடியில் வைத்துவிட்டு, கீழே கதவு திறந்ததும் படியேறி மறுபடி மேலே போனேன்.

அக்கா தனியாக உட்கார்ந்து காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு மூச்சு வாங்கியது. "அக்கா, எனக்குத் தெரியும் அக்கா. டெண்டரப் பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு. ஆனா அவங்கிட்ட மூச்சு விடல."

"தெரியும்" என்றாள். மூன்று வருஷத்தில் முதல் வார்த்தை. "டைப் அடிச்சவளுக்குத் தெரியாதா? அதுக்குத்தான் ஒரு வார்த்தகூட மாத்தாம போட்டேன். இப்பவாச்சும் நீ எந்தப் பக்கம் நிக்கறன்னு பாக்கலாம்னு."

"நான் அவங்கிட்ட சொல்லியிருந்தா?"

"அவன் தப்பிச்சிருப்பான். நீ எங்கிட்ட மாட்டியிருப்ப."

"அவனக் கவுக்கத்தானேக்கா இதெல்லாம்?"

அக்கா காகிதக்கட்டை மூடிவிட்டு, அன்றைக்குப் பிறகு முதன்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அவன் யாரோடி, தாரணி. கூட உக்காந்து சாப்ட்டவ நீ. மூணு வருஷமா என் பழிவாங்கற லிஸ்ட்ல மொதல் பேரு உன்னுதுதான் இருந்துச்சு."